கோபுரப் படம்: கையால் வரைந்ததா, அச்சடித்ததா?

கேள்வி: தரகர் ஒருவர் கோயில் கோபுர வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்தார். மேல் ஓரத்தில் ஆங்கிலத்தில் ஒரு எண், கீழே லண்டன் என்று பொடி எழுத்து. 1834-இல் கையால் வரைந்த அசல் என்று நாற்பதாயிரம் கேட்கிறார். லேமினேட் செய்தும் தருவாராம். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். தாள் எண்ணும் லண்டன் பெயரும் இருந்தால் அது பெரும்பாலும் புத்தகத்திலிருந்து பிரித்த அச்சுத்தாள். தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் நீதிபதியாக இருந்த ராம் ராஸ், சிற்ப சாஸ்திரங்களை வைத்து ஆங்கிலத்தில் எழுதிய கட்டடக்கலை நூல், அவர் இறந்த பிறகு 1834-இல் லண்டனில் வெளிவந்தது. அதில் 48 படத்தாள்கள், கோபுரங்களும் உண்டு. இந்த மாதிரிப் பழைய நூல்களைக் கிழித்துத் தாள் தாளாக விற்பவர்களை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

நல்ல பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொண்டு பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கையால் வரைந்ததில் மைக்கோட்டின் முனையில் மை கொஞ்சம் தேங்கியிருக்கும், அடியில் பென்சில் கோடு தெரியும், வளைவின் மையத்தில் கவராயம் குத்திய துளி ஓட்டை இருக்கும். சீரான வரிசையில் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் பிற்கால மறுபதிப்பு, பேச்சே வேண்டாம்.

தரகர் தாளை வெளிச்சத்தில் பிடித்து, 'பாருங்கள், வாட்டர்மார்க்கில் (தாளுக்குள்ளேயே தெரியும் குறியில்) வருஷமே இருக்கிறது' என்பார். அது ஏறக்குறையக் காகிதம் செய்த வருஷம், படம் வரைந்த வருஷம் இல்லை. 1830-இல் செய்த தாளில் 1829-இல் வரைந்திருக்க முடியாது. ஆனால் நேற்று வரைந்திருக்கலாம். பழைய கணக்குப் புத்தகத்தின் எழுதாத தாளை எடுத்து அதில் வரைந்து, டீத் தண்ணீர் தடவிக் காயவைத்தால் போதும். காகிதத்தின் வயதை நம்பிப் படத்துக்கு விலை கொடுக்காதீர்கள்.

சான்றிதழ் காட்டினால், யார் கொடுத்தது என்று கேளுங்கள். தரகரே அச்சடித்துக் கையெழுத்துப் போட்ட தாளுக்கு மதிப்பில்லை. நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருளை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், அனுமதி இல்லாமல் வெளிநாடு அனுப்பக் கூடாது என்கிறது 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைப்பொருள் சட்டம். அதில் சிலை மட்டுமல்ல, ஓவியமும் அடங்கும். ஆனால் ஒரு காகிதத்தோடு அலுவலகத்தில் போய் நின்றால், எந்த மேசைக்குப் போவது என்று சொல்லக்கூட ஆளில்லை. இத்தனை வருஷமாகியும் இப்படியேதான்.

லேமினேட் மட்டும் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு தாளைக் கெடுக்காமல் பிரிக்க முடியாது. அதை அவர் இலவசமாகச் செய்து தருவதே சந்தேகத்துக்குரியது: மேலே பிளாஸ்டிக் ஏறிவிட்டால் மையையும் காகிதத்தையும் உங்களால் சோதிக்க முடியாதே.