கோடு கோட்டைத் தொட்டால் குழாய் சேர்ந்ததாகுமா? – ஜிஐஎஸ் கேள்வி-பதில்

ஜிஐஎஸ் (வரைபடத்தையும் அதன் தரவையும் கணினியில் சேர்த்து வைக்கும் முறை) பற்றி இம்முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் தண்ணீர்க் குழாய் பற்றிய கேள்விகள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். சிலவற்றைச் சுருக்கியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் பேரூராட்சியின் குடிநீர்க் குழாய்கள் எல்லாம் ஆட்டோகேட் படமாக இருந்தன. ஷேப்ஃபைலாக (வரைபடத் தரவுக் கோப்பு) மாற்றி கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் ஏற்றிவிட்டோம். ஆனால் "நெட்வொர்க் மாடல் எங்கே?" என்று மேலிடத்தில் கேட்கிறார்கள். இன்னும் என்ன பாக்கி? – பேரூராட்சி அலுவலகப் பணியாளர், திருவட்டார் பக்கம்

படம் முடிந்தது. வேலை இனிமேல்தான்.

மாத்தூர் தொட்டிப்பாலம் உங்களுக்குப் பக்கம். 1966-இல் கட்டிய அந்தப் பாலத்தின் மேலே பட்டணங்கால் தண்ணீர் போகிறது. 115 அடி கீழே பறளியாறு ஓடுகிறது. வரைபடத்தில் இரண்டு நீலக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். அதைப் பார்த்து "கால்வாயும் ஆறும் இங்கே சேர்கின்றன" என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார். கணினி சொல்லும்! உங்கள் ஆட்டோகேட் படத்திலும் பழைய ஏசி (ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட்) குழாய்க்கு மேலே புதிய பிவிசி குழாய் இப்படித்தான் குறுக்கே போயிருக்கும். எது சேர்ந்திருக்கிறது, எது சும்மா கடந்து போகிறது என்று கோடு மட்டும் பார்த்து யாருக்கும் தெரியாது.

நெட்வொர்க் மாடல் என்பது அந்தச் சேர்க்கையைத் தரவில் எழுதி வைப்பதுதான். ஒவ்வொரு குழாய்க்கும் தொடக்க முனை எண், முடிவு முனை எண் என்று தரவு அட்டவணையில் இரண்டு பத்திகள் (நெடுவரிசைகள்) வேண்டும். முனை என்பது வால்வாக இருக்கலாம், குழாய் கிளை பிரியும் "டீ" (T வடிவ) இணைப்பாக இருக்கலாம், மேல்நிலைத் தொட்டியாகவோ குழாயின் மூடிய கடைசியாகவோ இருக்கலாம். முனை இல்லாத இடத்தில் குழாய் முடியக்கூடாது. இதை போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் (வரைபடத் தரவையும் வைக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம்) கட்டாய விதியாகவே போட்டுவிடலாம்: முனை அட்டவணையில் இல்லாத எண்ணைக் குழாயில் எழுதினால் சேமிக்காது. ஷேப்ஃபைலில் இந்தக் கட்டுப்பாடு வராது. அதனால் முதலில் அதிலிருந்து வெளியே வாருங்கள்.

அடுத்து வரும் சந்தேகம், குழாயை எங்கெங்கே துண்டாக்குவது என்பது. என் வழக்கம் இது: வால்வு குழாயை வெட்டும், விட்டம் மாறும் இடம் வெட்டும், குழாயின் பொருள் மாறும் இடம் வெட்டும். வீட்டு இணைப்பின் ஃபெரூல் (பெரிய குழாயிலிருந்து வீட்டுக் குழாய் பிரியும் இடத்துப் பொருத்தி) வெட்டாது. அதுவும் வெட்டினால் நானூறு மீட்டர்க் குழாய் அறுபது துண்டாகிவிடும். பிறகு குழாய் மாற்றிய ஆண்டைத் திருத்த அறுபது இடத்தில் கை வைக்க வேண்டியிருக்கும். ஃபெரூலுக்கு எந்தக் குழாய், அதன் தொடக்கத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று மட்டும் எழுதினால் போதும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. ஏதாவது ஒரு குழாயைத் தொட்டு, "இது இப்போது உடைந்தால் எந்தெந்த வால்வை மூட வேண்டும், எத்தனை வீட்டில் தண்ணீர் நிற்கும்?" என்று தரவிடம் கேளுங்கள். உடைந்த இடத்திலிருந்து நாலா பக்கமும் நடந்து, வழியில் வால்வு வந்தால் நிற்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. போஸ்ட்ஜிஐஎஸ்ஸோடு சேரும் பிஜிரூட்டிங் என்ற வழி தேடும் கருவியில் செய்யலாம், தன்னையே திரும்ப அழைக்கும் ஒரு எஸ்கியூஎல் வினவலிலும் செய்யலாம். வந்த விடையை உங்கள் ஃபிட்டரிடம் காட்டுங்கள். அவர் சிரித்தால் மாடலில் பிழை இருக்கிறது.

இன்னொன்று: வால்வுக்கு "இயங்குகிறதா" என்று ஒரு பத்தி வையுங்கள். தார் போட்டபோது உள்ளே புதைந்துபோன வால்வு வரைபடத்தில் கம்பீரமாக நிற்கும். இரவில் அதை நம்பிப் போனவர் கடப்பாரையோடு திரும்பி வருவார். ஒரு வேலையில் நானும் அப்படி நின்றிருக்கிறேன். இயங்காத வால்வைத் தாண்டி அடுத்ததைத் தேட நிரலுக்குச் சொல்லிக்கொடுப்பது ஒரு வரி வேலை.

எங்கள் நிறுவனத்தில் ஆர்க்மேப் மென்பொருளில் கட்டிய ஜியோமெட்ரிக் நெட்வொர்க் (அதன் பழைய நெட்வொர்க் மாடல்) இருக்கிறது. அதே நிறுவனத்தின் புதிய மாடலான யூட்டிலிட்டி நெட்வொர்க்குக்கு மாறச் சொல்கிறார்கள். இலவச மென்பொருளுக்கே போய்விடலாமா? – ஜிஐஎஸ் பொறியாளர், நாகர்கோவில்

மாறுவதா வேண்டாமா என்பது இனி உங்கள் கையில் இல்லை. ஜியோமெட்ரிக் நெட்வொர்க்கைத் திருத்தும் வசதி ஆர்க்மேப்போடு நின்றுவிட்டது. ஆர்க்மேப்புக்கான ஆதரவை நிறுத்த, அதைத் தயாரித்த எஸ்ரி நிறுவனம் வைத்த நாள் 2026 மார்ச் 1. அதற்குப் பின் வந்த ஆர்க்ஜிஐஎஸ் புரோவில் பழைய நெட்வொர்க்கைத் திறந்து பார்க்கலாம், வேலை செய்ய முடியாது. எங்கே போவது என்பதுதான் கேள்வி.

யூட்டிலிட்டி நெட்வொர்க்கைப் பழையதன் புதுப் பதிப்பு என்று நினைத்து இறங்கினால் அடிபடுவீர்கள். கேட் வால்வுக்கு ஒரு அடுக்கு, ஏர் வால்வுக்கு ஒரு அடுக்கு என்று பிரித்து வைத்தது போய், கருவிகள் எல்லாம் ஒரே அடுக்கில், வகையும் உள்வகையும் மட்டும் வேறாக இருக்கும். எது எதோடு சேரலாம் என்று விதி எழுதாதவரை எதுவும் எதோடும் சேராது. இது முதலில் எரிச்சல் தரும். ஆறு மாதம் கழித்து நன்றி சொல்வீர்கள். பலர் ஒரே நேரத்தில் திருத்த வேண்டுமென்றால் ஆர்க்ஜிஐஎஸ் என்டர்பிரைஸ் சர்வரும் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் வேண்டும். மென்பொருள் விலையைக் கேட்கிற அலுவலகங்கள் அந்த ஆளின் சம்பளத்தைக் கேட்க மறந்துவிடுகின்றன.

என் கருத்து: துணைமின் நிலையம், ஸ்விட்ச், ஒரே குழிக்குள் பல கேபிள் என்று உள்ளுக்குள் சிக்கல் நிறைந்த வலைப்பின்னலுக்கு யூட்டிலிட்டி நெட்வொர்க் தகும். ஒன்றிரண்டு மேல்நிலைத் தொட்டி, சில நூறு வால்வு உள்ள ஊர்க் குடிநீருக்கு போஸ்ட்ஜிஐஎஸ்ஸும் கியூஜிஐஎஸ்ஸும் தாராளம். ஜிஸ்வாட்டரும் பாருங்கள், அது போஸ்ட்கிரெஸ் மேல் நிற்கும் திறந்த மென்பொருள், குழாயில் நீரோட்டத்தைக் கணக்கிடும் இபாநெட்டோடு சேர்ந்தே வேலை செய்கிறது. எதற்குப் போனாலும், பெயர்க்கும் முன் பழைய தரவின் அறுந்த முனைகளைச் சரிசெய்துவிடுங்கள். குப்பையோடு வீடு மாறக்கூடாது.

சென்னை நிறுவனம் ஒன்று கொடுத்த டெம்ப்ளேட்டில் குழாய்களை ஏற்றினோம். இடம் சரியாகத்தான் விழுகிறது. ஆனால் நீளம் மட்டும் அளவுப் புத்தகத்தோடு ஒட்டவில்லை. – ஒப்பந்ததாரரின் சர்வேயர், மார்த்தாண்டம்

டெம்ப்ளேட் யூடிஎம் (பூமியைப் பட்டைகளாகப் பிரித்துத் தட்டையாக்கி மீட்டரில் அளக்கும் முறை) 44 வடக்குப் பட்டையில் இருக்கும், பாருங்கள். சென்னைக்கு அது சரி. 78 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கே இருப்பவர்களுக்கு 43 வடக்கு. நம் கன்னியாகுமரி மாவட்டம் முழுக்க அதற்கு மேற்கேதான் இருக்கிறது. மென்பொருள் திரையில் காட்டும்போதே தானாக மாற்றிவிடுவதால் கண்ணுக்குத் தவறு தெரியாது. நம் ஊரில் 44-இல் அளந்தால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் கூடுதலாக வரும். 43-இலும் அரை மீட்டர் அளவு கூடும். பில் போடுவதற்கு எலிப்சாய்டு (பூமிக்குப் பொருத்தமான நீள்வட்டப் பரப்பு) மேல் அளந்த நீளத்தையே எடுங்கள். தரவுத்தளத்தில் 43 வடக்கின் குறியெண்ணான இபிஎஸ்ஜி 32643 என்று இருக்க வேண்டும். குழாய் ஏற்றுவதற்கு முன்பே இதைப் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

பாதாளச் சாக்கடைக்கு மேன்ஹோல் மட்டம் எடுத்தோம். எல்லாமே மைனஸ் எண்பது, மைனஸ் எண்பத்தைந்து என்று வருகிறது. கருவி பழுதா? – டிப்ளமோ முடித்த பயிற்சியாளர், கோட்டாறு

கருவி நன்றாக இருக்கிறது, தம்பி. அதைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

செயற்கைக்கோள் கருவி உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து அளப்பதில்லை. பூமிக்குப் பொருத்தமாகக் கணக்கில் வரைந்த நீள்வட்டப் பரப்பிலிருந்து அளக்கிறது. உலகத்திலேயே கடல் மட்டம் அந்தப் பரப்புக்கு மிகக் கீழே கிடப்பது இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில்தான். நூறு மீட்டருக்கும் மேல் பள்ளம். அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் நாம் குடியிருக்கிறோம். கன்னியாகுமரிக் கடற்கரையில் காலை நனைத்துக்கொண்டு அளந்தாலும் மைனஸ் தொண்ணூறுக்கும் கீழேதான் காட்டும். கருவியில் ஜியாய்டு மாடலை (கடல் மட்டத்துக்கும் அந்தப் பரப்புக்கும் உள்ள இடைவெளியைச் சொல்லும் கணக்கு) தேர்ந்தெடுத்தால் உயரம் மேலே ஏறிவிடும்.

மாடலில் மூன்று பத்தி வையுங்கள்: கருவி தந்த உயரம், எந்த ஜியாய்டு மாடல், கடல் மட்டத்துக்கு மாற்றிய உயரம். நாளை ஒருவர் ஆட்டோ லெவல் வைத்து எடுத்த மட்டத்தோடு இதைக் கலந்துவிட்டால் சாக்கடை மலையேறும்.

இன்வெர்ட் லெவலை (குழாயின் உட்புற அடிமட்டத்தை) மேன்ஹோல் அட்டவணையில் எழுதாதீர்கள், குழாயின் இரண்டு முனையிலும் எழுதுங்கள். ஒரே மேன்ஹோலுக்குள் மூன்று குழாய் மூன்று மட்டத்தில் வந்து சேரும். முப்பது மீட்டர் இடைவெளியில் இருநூறுக்கு ஒன்று என்ற சரிவு பதினைந்து சென்டிமீட்டர்தான். கைப்பேசி ஜிபிஎஸ்ஸில் இதை எடுக்க நினைப்பது தராசில்லாமல் தங்கம் நிறுக்கிற கதை. மூடியின் மட்டத்தை ஆர்டிகேயில் (சென்டிமீட்டர் துல்லியம் தரும் செயற்கைக்கோள் அளவை) எடுத்து, அங்கிருந்து ஸ்டாஃப் (அளவுகோல் கம்பு) விட்டு ஆழம் அளந்து கழியுங்கள்.

மின்கம்பத்தை முனையாக வைத்து மின்பாதையை வரைந்தோம். ஒரே கம்பத்தில் 11 கேவி பாதையும் எல்டி (வீடுகளுக்குப் போகும் குறைந்த மின்னழுத்த) பாதையும் போகும் இடத்தில் டிரேஸ் (இணைப்பைத் தொடர்ந்து போகும் தேடல்) ஓட்டினால் எல்லா வீடும் ஒரே ஃபீடரில் (துணைமின் நிலையத்திலிருந்து வரும் பாதை) வந்து நிற்கிறது. – மின்துறை ஒப்பந்தப் பணியாளர், தக்கலை

கம்பம் தாங்குகிறது, மின்சாரம் கடத்துவதில்லை. கடத்தினால் நாம் யாரும் மிஞ்சமாட்டோம். அதை வலைப்பின்னலிலிருந்து எடுத்துத் தனி அடுக்கில் வையுங்கள். எந்தப் பாதை எந்தக் கம்பத்தில் தொங்குகிறது என்பதை இன்னொரு உறவு அட்டவணை சொல்லட்டும். 11 கேவியும் எல்டியும் சந்திக்க ஒரே இடம் டிரான்ஸ்ஃபார்மர். அதற்கு மேல்முனை, கீழ்முனை என்று இரண்டு முனையம் கொடுங்கள். ஏபி ஸ்விட்சுக்கு (பாதையைத் துண்டிக்கும் கம்ப ஸ்விட்ச்) வழக்கமான நிலை, இப்போதைய நிலை என்று இரண்டு பத்தி.

கம்ப உறவை அலட்சியம் செய்ய வேண்டாம். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் நம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் கம்பம் சாய்ந்தது நினைவிருக்கும். சாய்ந்த கம்பங்களைக் குறித்தால் எந்த டிரான்ஸ்ஃபார்மர்கள் இருளில் இருக்கின்றன என்று தரவு சொல்ல வேண்டும். நம் ஊரில் தெருவை வைத்து வீட்டைக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஒவ்வொரு வீடும் ஒரு விளைக்குள் (தோப்புக்குள்) தென்னைக்கு நடுவில் இருக்கும். மின் இணைப்பு எண்ணைக் கம்பத்தோடு கட்டுங்கள், தெருவோடு வேண்டாம்.

பத்திப் பெயர்களைத் தமிழில் வைக்கலாமா? – ஆசிரியர், குலசேகரம்

ஜியோபேக்கேஜிலும் (ஷேப்ஃபைலுக்குப் பதிலாக வந்த கோப்பு வகை) போஸ்ட்ஜிஐஎஸ்ஸிலும் தாராளமாக. ஷேப்ஃபைலில் பத்திப் பெயருக்கு 10 பைட்தான் இடம். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கும். "குழாய்" என்று எழுதத் தொடங்கினால் "குழ" வந்ததும் இடம் தீர்ந்துவிடும்.

வால்வு எண்ணில் வார்டு எண்ணையும் ஊர்ப் பெயரின் சுருக்கத்தையும் சேர்க்கலாமா? – பலர்

வேண்டாம். நாகர்கோவில் நகராட்சி 2019-இல் மாநகராட்சி ஆனது. "நகராட்சி" என்பதன் சுருக்கத்தைப் போட்டு எண் கொடுத்தவர்கள் என்ன செய்வார்கள்? வால்வு அதே இடத்தில்தான் இருக்கிறது. எண் வெறும் எண்ணாக இருக்கட்டும். வார்டு வேறு பத்தியில் இருக்கட்டும். வால்வுக் குழியின் மூடியில் அதே எண்ணைப் பெயின்டில் எழுதிவிடுங்கள், ஃபிட்டர் போனில் சொல்ல வசதி.