கேக் விற்றது குற்றமா? கடைக்குப் போகாதே என்று மறிப்பது உரிமையா?

கேள்வி: அக்கா, நான் கிளிநொச்சிப் பக்கம், ஏ9 வீதியோரம் ஒரு சந்தியில் சின்னதாகக் கேக் கடை வைத்திருக்கிறேன். வாடகைக் கடை. கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். போன மாதம் கனடாவிலிருந்து வந்த ஒரு பெண், தனக்கும் தன்னோடு வந்த இன்னொரு பெண்ணுக்கும் அங்கே கல்யாணம் பதிந்து ஒரு வருடம் என்று சொல்லிக் கேக் கேட்டார். இரண்டு பேருடைய பெயரையும் எழுதிச் செய்து கொடுத்தேன். வழக்கம்போல வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படமும் போட்டேன். அன்றிரவே படம் ஊரெல்லாம் போய்விட்டது. இப்போது "அந்தக் கடையில் ஒருவரும் வாங்கக் கூடாது" என்று செய்தி சுற்றுகிறது. முன்பள்ளி விழாவுக்குச் சொன்ன கேக்கை வேண்டாம் என்றுவிட்டார்கள். பின்னேரங்களில் நாலைந்து பொடியன்கள் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நின்று, வருகிற ஆட்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் என்று சிலர் வந்து, பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு ஐம்பதாயிரம் ரூபா தண்டம் கட்டினால் விட்டுவிடலாம் என்கிறார்கள். கட்டட உரிமையாளரும் எழும்பச் சொல்கிறார். நான் செய்தது சட்டப்படி பிழையா? பொலிஸுக்குப் போகலாமா? இனி இப்படி ஆட்கள் வந்தால் முடியாது என்று சொல்லிவிடவா?

பதில்: தங்கச்சி, நீங்கள் செய்தது குற்றம் இல்லை. இதை மனதில் உறுதியாக வைத்துக்கொண்டு மற்றதை வாசியுங்கள்.

எங்கள் தண்டனைச் சட்டக்கோவை வெள்ளைக்காரர் 1883இல் கொண்டுவந்தது. அதன் 365ஆம், 365அ பிரிவுகள்தான் தன்பாலினத்தவருக்கு எதிராகப் பயன்படுகிறவை. 365அ முன்பு ஆண்களை மட்டுமே பிடித்தது. 1995இல் செய்த திருத்தம் அதைப் பெண்களுக்கும் நீட்டிவிட்டது. தண்டனை இரண்டு வருடம் வரை. ஆனால் இந்தப் பிரிவுகள் பேசுவது உடல் ரீதியான செயலைப் பற்றி. இரண்டு பெண்கள் ஒன்றாக வாழ்கிறோம் என்று சொல்வதோ, கேக் வெட்டுவதோ அதற்குள் வராது. அந்தக் கேக்கைச் செய்து விற்றது துளியும் வராது. அவர்களுடைய திருமணம் கனடாவில் சட்டப்படியானது, அங்கே 2005 ஜூலையிலிருந்து நாடு முழுவதும் அப்படித்தான். இலங்கையில் அதைப் பதிய முடியாது, கணவன் மனைவிக்குரிய உரிமை எதுவும் இங்கே அவர்களுக்குக் கிடைக்காது. அவ்வளவுதான். இங்கே செல்லாத ஒரு திருமணத்தின் ஆண்டு நிறைவைக் கொண்டாடக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

அந்தப் பிரிவுகளையே நீக்கலாமா என்ற வாதம் நாட்டில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2016இல் ஒரு வழக்கில், வயது வந்த இருவர் சம்மதத்துடன் நடந்துகொண்டதற்குச் சிறை பொருந்தாது என்று உயர் நீதிமன்றம் தண்டனையை ஒத்திவைத்தது. 2023இல் பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த தனிநபர் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதை எதிர்த்துப் போனவர்களின் மனுக்களைக் கேட்ட உயர் நீதிமன்றம், அந்தச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று அந்த வருடம் மே மாதம் சொன்னது. வாக்கெடுப்புக்கு வருமுன்னமே 2024இல் பாராளுமன்றம் கலைந்துவிட்டது. ஆகவே பிரிவுகள் இன்னும் புத்தகத்தில் இருக்கின்றன.

அதனால்தான் மற்ற எதையும் விட இதை முதலில் சொல்கிறேன். அந்தப் படத்தை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள். உங்கள் பக்கத்தில் ஒரு பிழை இருந்தால் அது கேட்காமல் படம் போட்டதுதான். அந்தப் பெண்ணுக்கு இன்றே தொலைபேசி எடுத்து, இங்கே நடப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அவர் இன்னும் ஊரில், சொந்தக்காரர் வீட்டில் நிற்கலாம், அவருக்கு ஆபத்து உங்களைவிடக் கூட. பொலிஸிலோ வேறெங்கோ எதை எழுதிக் கொடுத்தாலும் அவர்கள் இருவருடைய பெயரையும் விலாசத்தையும் நீங்களாக எடுத்துச் சொல்ல வேண்டாம். உங்கள் முறைப்பாடு வாசலை மறித்தவர்களைப் பற்றியது. கேக்கில் யாருடைய பெயர் இருந்தது என்பது அதற்குத் தேவையே இல்லை.

இனிப் பகிஷ்கரிப்புக்கு வருவோம். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல்லே ஒரு மனிதரின் பெயர். 1880இல் அயர்லாந்தில் குத்தகைக்காரரை நெருக்கிய ஒரு காணி முகாமையாளருக்கு வேலைக்கும் போகாமல், சாமானும் விற்காமல், கதையும் கொடாமல் ஊரே விலகி நின்றது. அவர் பெயர் சார்ள்ஸ் பொய்கொட். எளியவர்கள் வலியவரை நோக்கி எடுத்த ஆயுதம் அது. தன்பாலினத் திருமணத்தை வைத்தும் இந்த ஆயுதத்தை இரண்டு பக்கமும் தூக்கியிருக்கிறார்கள். 2012இல் அமெரிக்காவில் சிக்-ஃபில்-ஏ என்ற கோழிக் கடைத் தொடரின் தலைவர் இந்தத் திருமணங்களுக்கு எதிராகப் பேசினார். அந்தத் திருமணங்களை ஆதரிப்பவர்கள் அந்தக் கடைகளைப் புறக்கணித்தார்கள். எதிர்ப்பவர்கள் ஓகஸ்ட் முதலாம் திகதியை ஆதரவு நாளாக்கி வரிசையில் நின்று வாங்கினார்கள். அதே வருடம் ஸ்டார்பக்ஸ் என்ற கோப்பிக் கடைத் தொடர் இந்தத் திருமண உரிமையை ஆதரித்தது என்று அதற்கு எதிராகவும் புறக்கணிப்பு அழைப்பு வந்தது. இரண்டு நிறுவனமும் இன்றும் தாராளமாக நடக்கின்றன. ஆயிரக்கணக்கான கிளை உள்ள நிறுவனத்துக்கும், ஒரு கேக் அடுப்பும் ஒரு மா அடிக்கிற மெஷினும் வைத்து இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிற பெண்ணுக்கும் ஒரே பெயரில் இதைச் செய்வது எனக்கு மனம் ஒப்பாத காரியம். என்றாலும் என் மனம் வேறு, சட்டம் வேறு.

சட்டம் இதுதான். ஒருவர் உங்கள் கடையில் வாங்காமல் விடலாம். "நான் அங்கே வாங்க மாட்டேன், நீங்களும் வாங்காதீர்கள்" என்று முகநூலில் எழுதலாம். அரசியலமைப்பின் 14(1) உறுப்புரை தருகிற கருத்துச் சுதந்திரம் உங்களுக்கு எவ்வளவோ அவர்களுக்கும் அவ்வளவு. அந்தச் செய்தியை அனுப்பியவர்கள் எல்லோர் மீதும் முறைப்பாடு கொடுக்கப் புறப்பட வேண்டாம், வீண் அலைச்சல். உங்களைப் பற்றிப் பொய்யாக எழுதியிருந்தால், உதாரணமாகக் கடையில் விபசாரம் நடக்கிறது என்பதுபோல, அது அவதூறு. 2002இல் குற்றவியல் அவதூறை நீக்கிவிட்டார்கள், ஆகவே அதற்குப் பொலிஸ் இல்லை, மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குத்தான். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். செலவையும் காலத்தையும் பார்த்துத்தான் இறங்க வேண்டும். முன்பள்ளிக் கேக்கையும் விட்டுவிடுங்கள். முற்பணம் வாங்கியிருந்தால் நீங்கள் வாங்கிய மா, முட்டை, ஐசிங் செலவைக் கழித்து மிச்சத்தைக் கொடுங்கள். பிள்ளைகளின் விழாவோடு வழக்காடி நல்ல பெயர் எடுக்க முடியாது.

வாசலில் நிற்கும் பொடியன்கள் கதை வேறு. தான் வாங்காமல் இருப்பது ஒருவருடைய உரிமை. வாங்க வந்த இன்னொருவரை மறிக்க அவருக்கு உரிமை கிடையாது. போக உரிமையுள்ள இடத்துக்கு ஒருவரைப் போகவிடாமல் தடுப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 332ஆம் பிரிவில் குற்றம். பயமுறுத்துவது 486ஆம் பிரிவு. கண்ணாடியை உடைத்தால், பெயர்ப் பலகையைக் கழற்றினால் அது தனியாக ஒரு குற்றம். ஐம்பதாயிரம் கட்டு, இல்லாவிட்டால் கடை நடத்தவிட மாட்டோம் என்பதைத் தண்டம் என்று யாரும் அழைக்கட்டும், என் கண்ணுக்கு அது கப்பம். ஒரு ரூபாவும் கொடுக்க வேண்டாம். ஒருமுறை கொடுத்தால் குற்றம் செய்தீர்கள் என்று நீங்களே ஒத்துக்கொண்டதாக ஊர் எடுத்துக்கொள்ளும், அடுத்த முறை தொகை கூடும். பகிரங்க மன்னிப்பும் அப்படித்தான். கேட்பவர்களுக்கு ஒரே ஒரு பதில் போதும்: "நான் கேக் விற்கிறேன், வருகிற எல்லோருக்கும் விற்பேன்." அதற்கு மேல் விவாதிக்கப் போக வேண்டாம்.

தண்டம், தள்ளிவைத்தல், கொடுக்கல் வாங்கல் நிறுத்தம் எல்லாம் எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. சலவைக்கும் முடிவெட்டவும் ஆட்களைப் போகவிடாமல் மறித்து ஒரு குடும்பத்தைப் பணியவைத்த கதைகளை வடக்கில் வயதானவர்கள் எல்லோரும் சொல்வார்கள். தேநீர்க் கடையில் சிலருக்குச் சிரட்டையிலும் தகரப் பேணியிலும் ஊற்றிக் கொடுத்தது போன தலைமுறை கண்ணால் கண்டது. சாதி பார்த்துக் கடைக்குள் விடாமல் தடுப்பதைக் குற்றமாக்க 1957இல் தனிச் சட்டம் தேவைப்பட்டது, அதன் பிறகும் கடைக் கதவுகளுக்காக ஆட்கள் அடி வாங்கினார்கள். அரசியலமைப்பின் 12(3) உறுப்புரையில் கடைகள், உணவகங்கள், விடுதிகள் என்று பெயர் சொல்லி எழுதியிருப்பதை நான் வாசிக்கும்போதெல்லாம் அந்தத் தகரப் பேணிதான் ஞாபகத்துக்கு வரும். இனம், சமயம், மொழி, சாதி, பால் காரணமாக ஒருவரை அங்கே போகவிடாமல் செய்யக் கூடாது என்கிறது அது. ஒருவருக்கு எந்தப் பாலினத்தார் மேல் ஈர்ப்பு என்பதைக் குறிக்கும் பாலீர்ப்பு என்ற சொல் அந்த வரிசையில் இல்லை. இருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

சரி, பொலிஸுக்கு எப்படிப் போவது? தனியாகப் போகாதீர்கள். மோட்டார் சைக்கிள் இலக்கம், திகதி, நேரம், திருப்பி அனுப்பப்பட்ட ஆள் யார், என்ன சொன்னார்கள் என்பதை ஒரு கொப்பியில் அன்றன்றே எழுதுங்கள். "கல்யாணக் கேக் பிரச்சினை" என்று தொடங்கினால் அங்கிருப்பவர் அதைத்தான் பிடித்துக்கொள்வார். "வாடிக்கையாளரை மறிக்கிறார்கள், காசு கேட்டு மிரட்டுகிறார்கள்" என்று தொடங்குங்கள். தமிழில் எழுதுவியுங்கள், வாசித்துப் பார்த்துவிட்டு ஒப்பமிடுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள். எழுத மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு எடுங்கள், வவுனியாவில் அவர்களுக்குப் பிராந்திய அலுவலகம் உண்டு. சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். மத்தியஸ்த சபைக்குப் போகச் சொன்னால் போங்கள். அங்கேயும் அந்தப் பெண்களின் பெயர் வேண்டாம்.

கட்டட உரிமையாளர் எழும்பச் சொல்லலாம், ஆனால் பூட்டை மாற்றிச் சாமானை வெளியே போட முடியாது. வாடகை ஒப்பந்தம் முடிந்திருந்தாலும் நீதிமன்றக் கட்டளை வேண்டும். வாடகையை நாள் தவறாமல் கட்டுங்கள், பற்றுச்சீட்டு வாங்குங்கள், மறுத்தால் வங்கியில் போட்டுச் சீட்டை வைத்திருங்கள். மீறி வெளியேற்றினால், 1979ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் உடனே போகலாம். வெளியேற்றி இரண்டு மாதத்துக்குள் போக வேண்டும், நாள் கடந்தால் அந்த வழி அடைபடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ஆட்களை மறித்துப் பலிக்காவிட்டால் அடுத்ததாகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு மொட்டைக் கடிதம் போகும். ஆகவே பிரதேச சபை அனுமதிப்பத்திரம், மருத்துவச் சான்று, முட்டை வைக்கிற இடம், கழிவுத் தொட்டி எல்லாம் இந்த வாரமே சரியாக இருக்கட்டும். இந்தக் கேக்கைக் காரணம் காட்டிச் சபையே அனுமதியை நிறுத்தினால் அது அரச நடவடிக்கை. அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

இனி இப்படி ஆட்கள் வந்தால் மறுக்கலாமா? தனியார் கடை இவர்களுக்கு விற்றே ஆக வேண்டும் என்று இங்கே தெளிவான சட்டம் இல்லை. அது உள்ள நாடுகளிலேயே கேக் கடை வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. 2018 ஜூனில் அமெரிக்காவில் கொலராடோக் கேக்காரர் ஒருவர் வென்றார், ஆனால் அவருடைய சமய நம்பிக்கையை மாநில ஆணைக்குழு நியாயமாக நடத்தவில்லை என்ற குறுகிய காரணத்துக்காக. அதே வருடம் ஒக்டோபரில் பெல்பாஸ்ட் பேக்கரி ஒன்றும் பிரித்தானிய உச்ச நீதிமன்றத்தில் வென்றது. தன்பாலினத் திருமணத்தை ஆதரியுங்கள் என்ற வாசகத்தை எழுத மறுத்ததால் அந்த ஆளை மறுத்ததாக ஆகாது என்றது தீர்ப்பு. இந்த வேறுபாடு உங்களுக்கும் உதவும். உங்களுக்குப் பிடிக்காத வாசகம் என்றால் யார் கேட்டாலும் எழுதாதீர்கள். ஆளைப் பார்த்து மறுக்காதீர்கள்.

இதை என் மனதிலிருந்தே சொல்கிறேன். வன்னியிலிருந்து போன எங்கள் பிள்ளைகள் இருக்கிற நாடுகளைப் பாருங்கள்: கனடா, நோர்வே, பிரான்ஸ், இங்கிலாந்து, ஜெர்மனி, அவுஸ்திரேலியா, 2022இலிருந்து சுவிஸ். எல்லாவற்றிலும் இந்தத் திருமணம் சட்டப்படியானது. ஓகஸ்டில் திருவிழாவுக்கு வந்து இறங்கும் குடும்பங்களில் இப்படி ஒரு மகளோ பெறாமகனோ இருப்பார்கள், தாய்க்கு மட்டும் தெரிந்திருக்கும். அந்தப் பெண், யுத்தத்தில் எல்லாம் இழந்து எழும்பிய ஊரில், தெரிந்த ருசியில் ஒரு கேக் வெட்ட ஆசைப்பட்டு உங்கள் வாசலுக்கு வந்திருக்கிறார். நீங்கள் பெயரைக் கேட்டு, எழுத்துப் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். மறிக்கிற பொடியன்கள் பின்னேரம்தானே வருகிறார்கள்? இரண்டு வாரத்துக்கு ஓர்டர்களைக் காலையில் எடுத்து, ஓட்டோவில் வீட்டுக்கே அனுப்பிப் பாருங்கள்.