புரோட்டான், எலக்ட்ரான் எண்ணிக்கையை வைத்துத் தனிமத்தையும் அயனியையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

11 புரோட்டான், 10 எலக்ட்ரான் என்று கேள்வியில் கொடுத்தால், முதலில் புரோட்டானை மட்டும் பாருங்கள். 11 என்றால் அது சோடியம்தான். புரோட்டான்கள் அணுக்கருவுக்குள் இறுகப் பிணைந்திருப்பதால் வேதிவினையில் மாறுவதில்லை; வெளியே உள்ள எலக்ட்ரான்கள்தான் வந்துபோகும். நியான், சோடியம் அயனி, ஃபுளூரைடு அயனி மூன்றிலுமே 10 எலக்ட்ரான்கள்தான், அதனால் அதை வைத்துத் தனிமத்தைச் சொல்லவே முடியாது.

அப்புறம் கழித்தல்: புரோட்டானுக்கு நேர் மின்சுமை, எலக்ட்ரானுக்கு எதிர் மின்சுமை என்பதால், மொத்த மின்சுமை 11 − 10 = +1. மின்சுமை பெற்ற அணுதான் அயனி. ஆக, இது சோடியம் அயனி. 17 புரோட்டான், 18 எலக்ட்ரான் என்றால் −1, குளோரைடு. எலக்ட்ரானைக் கடன் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு கடன் தீர்ந்தால் கணக்கில் ஒன்று கூடும்.

கூட்டல் குறியைப் பார்த்ததும் எலக்ட்ரான் கூடிவிட்டது என்று பலர் எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அங்கே எலக்ட்ரான் குறைந்திருக்கிறது.