அமெரிக்காவில் முதுமாணிக்கு இடம் கிடைத்திருக்கிறது, மாமாவின் வீட்டு உறுதியை (பத்திரத்தை) ஈடு வைக்கலாமா?

கேள்வி: நாங்கள் மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடும்பம். பேராதனையில் உற்பத்திப் பொறியியல் முடித்துவிட்டு மூன்று வருடமாக ஒரு ஆடைத் தொழிற்சாலையில் இன்டஸ்ட்ரியல் என்ஜினியராக இருக்கிறேன், கைக்கு 135,000 ரூபா வருகிறது. அமெரிக்காவில் ஒப்பரேஷன்ஸ் ரிசர்ச் (செயற்பாட்டு ஆய்வு, வேலைகளைக் கணக்குப் போட்டுச் சிறப்பாகத் திட்டமிடும் துறை), சிஸ்டம்ஸ் என்ஜினியரிங் முதுமாணிக்கு இடம் கிடைத்திருக்கிறது, ஆனால் உதவித்தொகை இல்லை. முதல் வருடத்துக்கு 46,000 டொலர் காட்ட வேண்டும். மாமா ஹட்டனில் இருக்கும் தன் வீட்டு உறுதியை வங்கியில் வைத்து 80 லட்சம் எடுத்துத் தருகிறேன் என்கிறார். 14 வீத வட்டி, ஏழு வருடம். அம்மாவின் ஈ.பி.எஃப். காசு 17 லட்சம் நிரந்தர வைப்பில் இருக்கிறது. தம்பி ஏ.எல். படிக்கிறான். போகலாமா?

பதில்: படிக்கப் போங்கள் தங்கச்சி, ஆனால் இந்தக் காசில் வேண்டாம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். டொலர் 300 ரூபா என்று வைத்தாலே 46,000 டொலர் ஒரு கோடியே 38 லட்சம். மாமாவின் 80, அம்மாவின் 17 இரண்டையும் சேர்த்தாலும் 97 லட்சம்தான் வருகிறது, மீதி 41 லட்சத்துக்கு வழி என்ன என்று நீங்கள் எழுதவில்லை, அநேகமாக நகையும் தெரிந்தவர்களிடம் கைமாற்றும்தான் மனதில் இருக்கும். அந்த 80 லட்சத்துக்கு மட்டும் மாதத் தவணை ஏறத்தாழ 150,000 ரூபா வரும். இப்போது வாங்குகிற சம்பளத்தை அப்படியே கொடுத்தாலும் போதாது, நீங்கள் வகுப்பில் இருக்கும் காலத்தில் அதை யார் கட்டுவது?

இன்னொன்று, அவர்கள் கேட்கிற 46,000 முதல் வருடத்துக்கு மட்டும். படிப்பு மூன்று நான்கு செமஸ்டர் போனால் இரண்டாவது வருடச் செலவு தனி, அதுவும் டொலரில். 2022 மார்ச்சில் 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 360ஐத் தொட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த நேரத்தில் 40,000 டொலர் கட்ட வேண்டியிருந்த ஒரு குடும்பத்துக்கு 80 லட்சமாக இருந்த செலவு ஒரு கோடியே 44 லட்சமானது. வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்ய விசாவில் இடம் உண்டு, அது சாப்பாட்டுக்கும் அறை வாடகைக்கும் கைகொடுக்கும், கல்விக் கட்டணத்துக்குக் காணாது.

மாமாவின் உறுதியைப் பற்றி எனக்கு மிகவும் கவலையாக இருக்கிறது. இருநூறு வருடமாகத் தோட்டத்தில் இருந்தும் பெரும்பாலான நம் குடும்பங்களுக்குக் குடியிருக்கிற லயத்துக்கு உறுதி கிடையாது. உங்கள் சொந்தத்தில் வங்கி ஏற்றுக்கொள்கிற ஒரே காகிதம் அதுவாக இருந்தால், நாளைக்குத் தம்பிக்கோ அம்மாவின் வைத்தியத்துக்கோ கடன் வேண்டுமென்றாலும் அதைத்தான் தேடிப் போவீர்கள். மாமாவின் மனசு பெரியது, அதற்காகவே அவருடைய வீட்டைப் பணயம் வைக்கக்கூடாது.

சரி, இப்போது படிப்புக்கு வருவோம், ஏனென்றால் காசுக்கான வழியும் அதற்குள்தான் இருக்கிறது. அமெரிக்காவில் இதே துறையில், பல நேரம் ஒரே கட்டடத்தில், இரண்டு விதமான மாணவர்கள் இருப்பார்கள். பாடங்களை மட்டும் படித்து முடிக்கிற முதுமாணி மாணவர் பெரும்பாலும் சொந்தக் காசில் வருகிறவர். கலாநிதிப் பட்டத்துக்கு வருகிறவருக்குப் பெரும்பாலும் கல்விக் கட்டணம் தள்ளுபடி, கற்பித்தல் உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ வேலை செய்வதற்கு மாதக் கொடுப்பனவும் உண்டு. நான்கு வருடப் பொறியியல் பட்டம் இருந்தால் முதுமாணி இல்லாமலே நேராகக் கலாநிதிக்கு விண்ணப்பிக்கலாம், பேராதனைப் பட்டம் நான்கு வருடம்தானே. ஐந்து வருடம் போகும், போட்டியும் கடுமை, நிகழ்தகவும் நேரியல் இயற்கணிதமும் கையில் நன்றாக இருக்க வேண்டும். ஆய்வில் உண்மையாகவே விருப்பம் இல்லையென்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள், ஒரு பேராசிரியர் தன் ஆய்வுக் காசை உங்கள் மேல் போடுகிறார்.

உங்களுக்கு அந்த விருப்பம் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன், நீங்கள் செய்கிற வேலையே இந்தப் பாடம்தான். தையல் வரிசையில் வேலையைச் சமமாகப் பங்கிடுகிற லைன் பேலன்சிங், எந்த அளவு உடுப்பை எந்த லேயில் (துணி விரிப்பில்) எத்தனை அடுக்கு வெட்டினால் துணி மிச்சம் என்கிற கட் பிளான், இவையெல்லாம் ஒப்பரேஷன்ஸ் ரிசர்ச்சில் எழுதி எழுதித் தீராத கணக்குகள். காலையில் மலை முழுக்கச் சுற்றிக் கொழுந்து ஏற்றுகிற லொறி எந்த வரிசையில் போனால் கொழுந்து வாடாமல் ஃபெக்டரிக்கு வந்து சேரும் என்பதும் அப்படித்தான். அதை ஊரில் இருந்து பார்த்து வளர்ந்தவர் விண்ணப்பக் கடிதத்தில் எழுதும்போது அதற்கு ஒரு கனம் இருக்கும். ஒரு பிரச்சினையை எடுத்து, பைத்தன் நிரல்மொழியில் கணித மாதிரி கட்டி, முடிவைக் காட்டுங்கள், தொழிற்சாலைத் தரவை அனுமதி வாங்காமல் மட்டும் வெளியே எடுக்க வேண்டாம்.

வேலை விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். படித்து முடித்தபின் பொறியியல் பட்டத்துக்கு 12 மாதமும் அதற்கு மேல் 24 மாத நீட்டிப்புமாக மூன்று வருடம் அங்கே வேலை செய்யலாம், அதன்பின் எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கல். ஆனால் சிஸ்டம்ஸ் என்ஜினியரிங்கில் பெரிய வேலைகள் பல பாதுகாப்புத் துறை நிறுவனங்களில் இருக்கின்றன, அவை அமெரிக்கக் குடியுரிமை கேட்கும். அந்தச் சம்பளங்களைப் பார்த்துக் கடனைக் கணக்குப் போடாதீர்கள். விமானம், சரக்கு, சில்லறை வணிகம், மருத்துவமனைகள், இந்தப் பக்கம்தான் உங்களுக்குத் திறந்திருக்கும்.

இந்த வாரமே அந்தத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். முதுமாணி மாணவர்களுக்கு உதவியாளர் வேலை உண்டா, அதோடு கட்டணம் தள்ளுபடி ஆகுமா, கோடை மூன்று மாதமும் காசு வருமா, காப்புறுதி யார் கட்டுவது, இடத்தை ஒரு வருடம் தள்ளிப்போட முடியுமா என்று கேளுங்கள். கூச்சம் வேண்டாம், எல்லோரும் கேட்பதுதான்.

அடுத்த சுற்றுக்குக் கலாநிதி விண்ணப்பங்களை டிசம்பருக்குள் போடுங்கள், கூடவே அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகைக்கும் போடுங்கள் (முடிந்ததும் இரண்டு வருடம் நாட்டுக்குத் திரும்பி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு). ஜெர்மனியில் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, ஆனால் விசாவுக்கு வருடத்துக்கு 11,904 யூரோ முடக்கக் கணக்கில் போட வேண்டும், ஏறத்தாழ 40 லட்சம், மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும். அதுவும் வேண்டாமென்றால் மொறட்டுவையில் கணிதத் துறை நடத்துகிற செயற்பாட்டு ஆய்வு முதுமாணியைப் பாருங்கள், வேலையை விடாமல் படிக்கலாம்.

மாதம் 40,000 ஒதுக்கினால் வருடத்துக்கு 480,000. விசாக் கட்டணம் 185 டொலர், செவிஸ் என்கிற மாணவர் பதிவுக் கட்டணம் 350, அப்புறம் டோஃபல் ஆங்கிலப் பரீட்சை, விண்ணப்பக் கட்டணங்கள், எல்லாம் பெரும்பாலும் அதற்குள் அடங்கும்.

அம்மாவின் 17 லட்சத்தைத் தொடவே வேண்டாம். அம்மா இன்னும் தோட்டத்துப் பெயர்ப்பதிவில் இருந்தால் வேலையை விடும்போது சர்வீஸ் காசும் (பணிக்கொடை) வர வேண்டும்: நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருடச் சேவைக்கு 14 நாள் சம்பளம். நாளுக்கு 1,350 என்று பார்த்தாலும் 30 வருடத்துக்கு 567,000 ரூபா. அது அம்மாவின் வயோதிபத்துக்கு, அம்மாவின் பெயரிலேயே இருக்கட்டும்.

துறையிலிருந்து கட்டணம் தள்ளுபடி என்று பதில் வந்தால் உடனே எனக்கு எழுதுங்கள். அப்போது போக்குவரத்துக்கும் முதல் இரண்டு மாத வாடகைக்கும் 10 லட்சம் வரை உங்கள் சம்பளத்தின் மேல் கடன் எடுக்கலாமா என்று சேர்ந்து பார்ப்போம், மாமாவின் உறுதி அவர் அலுமாரியிலேயே இருக்கட்டும்.