வயிற்றுக்குள் ‘ஸ்ப்ரே’ கீமோ: அப்பாவுக்குச் செய்யலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. இரைப்பைப் புற்றுநோய் வயிற்றுச் சவ்வுக்கும் பரவி, நீர் கோத்திருக்கிறது. மூன்று முறை கீமோ ஏற்றியாயிற்று. வயிற்றுக்குள்ளேயே ஸ்ப்ரே மாதிரி மருந்து அடிக்கிறார்களாமே, அதற்கு மாறிவிடலாமா?
– வாசகர், தாராவி, மும்பை

பதில்: மாற வேண்டாம். ஏற்றுகிற கீமோவோடு சேர்த்துச் செய்யலாமா என்று கேளுங்கள்.

நீங்கள் சொல்வது ‘பைபாக்’ முறை. 2011-இல் ஜெர்மனியில் நோயாளிகளுக்கு முதலில் செய்யப்பட்டது. லேப்ராஸ்கோப்பி மாதிரியே வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, கார்பன் டை ஆக்சைடு வாயுவால் வயிற்றை உப்ப வைத்து, சிஸ்பிளாட்டின், டாக்ஸோரூபிசின் மருந்துகளைப் பனிமூட்டம் போலத் தெளிப்பார்கள். அரை மணி நேரம் அப்படியே விடுவார்கள். மருந்து காற்றில் கலந்துவிடக் கூடாது என்பதால், தெளிக்கும்போது டாக்டர், நர்ஸ் எல்லோரும் வெளியே வந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்போம்! வழக்கமாக ஆறு வாரத்துக்கு ஒரு முறை.

இதற்கு ஏன் மெனக்கெட வேண்டும்? சவ்வில் இந்த நோய் ரவையைத் தூவிய மாதிரி பொடிப்பொடியாக ஒட்டியிருக்கும். பல நேரம் சிடி ஸ்கேனிலேயே தெரியாது. நரம்பில் (ரத்தக்குழாயைத்தான் நாம் அப்படிச் சொல்கிறோம்) ஏற்றும் மருந்து அங்கே குறைவாகத்தான் போய்ச்சேரும். நேரடியாகத் தெளித்தால், ஏற்றும் அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே போதும். ஆனால் மேலாகத்தான் ஊறும். கட்டி தடிமனாக இருந்தாலோ, கல்லீரலுக்குப் பரவியிருந்தாலோ பலனை எதிர்பார்க்க முடியாது.

ஆயுள் கூடுமா என்றால், உறுதியாகச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இன்னும் சேரவில்லை. இதைப் போலவே வயிற்றுக்குள் மருந்து விடும் இன்னொரு முறை உண்டு: தோலுக்கடியில் ‘போர்ட்’ என்ற சின்ன மருந்துவாய் வைத்து, அதன் வழியே பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்தை விடுவது. அதை ஜப்பானில் பெரிய ஆய்வாகவே செய்தார்கள். 2018-இல் முடிவு வந்தது: அதில் நோயாளிகள் சராசரியாக 17.7 மாதம் உயிர் வாழ்ந்தார்கள், வழக்கமான சிகிச்சையில் 15.2. இந்த வித்தியாசத்தை நிரூபணம் என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதனால் தாலியை அடகு வைத்து ஓட வேண்டிய சிகிச்சை இல்லை இது. ஆய்வின் பகுதியாகக் கிடைத்தால் யோசிக்கலாம்.

அதற்கு முன், பயாப்ஸியில் (பரிசோதனைக்கு எடுத்த சதைத் துணுக்கில்) ஹெர்-2 என்ற புரதம் அதிகமாக இருக்கிறதா என்று பரிசோதனை செய்தார்களா? பாசிட்டிவ் என்றால் டிராஸ்டுசுமாப் ஊசி சேர்க்கலாம். அதில் உள்ள ஆதாரம் இதைவிடப் பலமானது. பரேல் டாடா ஆஸ்பத்திரிக்கு இரண்டாவது கருத்துக் கேட்கப் போனால் ரிப்போர்ட் மட்டும் போதாது, பயாப்ஸி பிளாக் (மெழுகில் பதித்த சதைத் துணுக்கு), ஸ்லைடு, ஸ்கேன் படங்கள் உள்ள சிடி தட்டு எல்லாம் கையோடு எடுத்துப் போங்கள்.

வயிறு உப்பி மூச்சு முட்டினால் இந்த முடிவுக்கெல்லாம் காத்திருக்காதீர்கள். ஊசி வைத்து நீரை எடுத்துவிட்டால், பெரும்பாலும் அன்றைக்கே நாலு வாய் கஞ்சி இறங்கும்.