கதிர்வீச்சில் கருத்த தோலுக்கு மஞ்சள் பூசலாமா?

செம்பூரிலிருந்து எழுதிய சகோதரிக்கு வணக்கம். மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்துவரும் உங்கள் அம்மாவுக்கு மூன்றாவது வாரத்தில் அக்குள் கருத்து எரிகிறது என்றும், குளிக்காமல் மஞ்சளைக் குழைத்துப் பூசும்படி அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள்.

மஞ்சள் வேண்டவே வேண்டாம். அது நலிந்த தோலை உரசுவதோடு, சிகிச்சைக்காக வரைந்த கோடுகளையும் மறைத்துவிடும். கோடுகளை நனைக்கலாமா என்று மட்டும் கதிர்வீச்சுப் பிரிவில் கேட்டுக்கொண்டு, வெதுவெதுப்பான நீரிலும் மென்மையான சோப்பிலும் அம்மா தாராளமாகக் குளிக்கலாம்; தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள்.

என் அக்கா பரேலில் சிகிச்சை பெற்றபோது, மும்பையின் மே மாத வியர்வையில், ரவிக்கையின் அக்குள் தையல் பதிந்த இடத்தில்தான் முதலில் தோல் உரிந்தது. அன்று முதல் அத்தானின் பழைய பருத்திச் சட்டையையே அணிந்தார். எரிச்சல் கணிசமாகத் தணிந்தது.

தோல் உரியாதவரை, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு வகையான மொமெட்டாசோன் களிம்பு உதவுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக வாங்கிப் பூசாதீர்கள். உரிந்து நீர் கசிந்தால், புண்ணில் ஒட்டாத கட்டு தேவைப்படும். சீழோ, துர்நாற்றமோ, காய்ச்சலோ கண்டால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சிகிச்சை முடிந்த பிறகும் ஓரிரு வாரங்கள் எரிச்சல் கூடக்கூடும். அதன்பின் பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும் என்பதால், பயந்துபோய் எந்த நாளின் கதிர்வீச்சையும் நீங்களாகத் தவறவிடாதீர்கள்.