எக்சிமாவுக்குத் தோலில் இருக்கும் பாக்டீரியாதான் காரணமா? ஆன்டிபயாடிக் களிம்பு தடவினால் போய்விடுமா?

நீங்கள் ஏற்கெனவே ஒரு ட்யூபைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நான் மருத்துவர் இல்லை. பட்டம் கேட்டு வருபவர்கள் இங்கேயே திரும்பிவிடலாம்.

எனக்கு முழங்கை மடிப்பில். கிருமிதான் காரணம் என்று எங்கோ படித்துவிட்டு, கிருமிநாசினி சோப்பால் தினமும் நான்கு வேளை தேய்த்துக் கழுவினேன். பழைய ஆன்டிபயாடிக் களிம்பையும் தடவினேன். ஒரு வாரம் மஞ்சள் பொருக்கு உதிர்ந்தது, ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அப்புறம் தோல் வெடித்து நீர் கசிந்தது. காலையில் சட்டைக் கை புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் விட்டு ஊறவைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

தோல் மருத்துவர் பார்த்துவிட்டு, "திருடனை விரட்டுறேன்னு கதவையே பேத்து வெச்சிருக்கீங்க" என்றார்.

அந்தத் திருடன், ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. எக்சிமாக்காரர்களில் சுமார் 70 சதவீதம் பேருக்குப் புண் உள்ள இடத்தில் இது இருக்கிறது. வறண்டு விரிசல் விட்ட தோலில் எளிதாகக் குடியேறும். அது விடும் ஒரு நொதி நரம்பையே நேராகத் தூண்டி அரிப்பைக் கிளப்புகிறது என்று 2023-இல் எலிகளில் கண்டுபிடித்தார்கள். சொறிந்தால் இன்னும் விரிசல், இன்னும் கிருமி. ஆனால் அதே தோலில் அதைக் கொல்லும் நல்ல பாக்டீரியாவும் உண்டு. நான் தேய்த்ததில் அதுவும் சேர்ந்து போயிருக்கும். ஹோமினிஸ் என்ற நல்ல பாக்டீரியா வகையில் ஒன்றை நோயாளிகளின் தோலில் தடவி, ஆரியஸ் குறைந்ததை 2021-இல் வெளியிட்டார்கள். ஆனால் வாங்கித் தடவும் நிலைக்கு அது இன்னும் வரவில்லை.

எனக்குப் பலன் தந்தது, குளித்த ஈரம் காய்வதற்குள் கெட்டியான மாய்ஸ்சரைசர், மருத்துவர் சொன்ன அளவுக்கு, சொன்ன நாட்களுக்கு மட்டும் ஸ்டீராய்டு களிம்பு. அழற்சி அடங்கினால் ஆரியஸும் தானாகக் குறைகிறது. ஸ்டீராய்டு என்றதும் சண்டைக்கு வருவார்கள், தெரியும். நான் எந்தக் கம்பெனி ஆளும் இல்லை. சீழ், காய்ச்சல், வேகமாகப் பரவும் சிவப்பு இருந்தால் கதை வேறு. ஆன்டிபயாடிக் தேவைப்படலாம், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொரு ஆதங்கம். காலாவதித் தேதியை ட்யூபின் வால் மடிப்பில், அதுவும் மை இல்லாமல் அழுத்தி வைக்கிறார்களே, யாருக்காக? பிதுக்கப் பிதுக்க நாம் சுருட்டிக்கொண்டே வருவது அந்த வாலைத்தானே! நான் தடவிய களிம்பு காலாவதியாகி 14 மாதம் ஆகியிருந்தது. உங்களுடையதையும் விரித்துப் பாருங்கள்.